மூடுபனிக்கு ஒரு நட்சத்திரம்

வில்பட்டிச் சரிவில் எனக்கு மூன்று அறைகள்.
மூன்றுக்கும் ஜன்னல் ஒரே பக்கம்.
ஞாயிறன்று காலி செய்தவர் எழுதியிருக்கிறார்:
'படத்தில் காட்டிய பள்ளத்தாக்கு இல்லை. வெறும் பனி.'
ஐந்துக்கு ஒன்று.

ஒரு நாளைக்குள் பதில் போட வேண்டும்.
போடாவிட்டால் பட்டியலில் கீழே இறக்கிவிடுவார்கள்.
யார் இறக்குவது, தெரியாது.
ஆறு வருஷமாக நூற்றுக்குப் பதினெட்டு கொடுக்கிறேன்,
ஒரு முகம் பார்த்ததில்லை.
பால்கார ஞானப்பிரகாசத்துக்குப் பாக்கி வைத்தால்
வாசலில் நின்று இருமுவார்.
அந்த இருமலோடு பேசிவிடலாம்.

'அன்புள்ள விருந்தினரே, பனிக்காக வருந்துகிறோம்'
என்று அடித்தேன்.
அழித்தேன்.
பனிக்கு நான் என்ன உறவு?

ராத்திரி பதினொன்றுக்கு ஒருவர்: வெந்நீர் வருமா.
பதினொன்றரைக்கு: நாய் கூட்டி வரலாமா.
பன்னிரண்டே காலுக்கு: நாய் வரவில்லை, விலையைக் குறையுங்கள்.

இருபதாம் தேதி வரிக்கணக்கு.
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் இரண்டு கோடு.
ஓடிபி அங்கே வரும், கம்ப்யூட்டர் கீழே இருக்கும்.
நான் மேலிருந்து கத்துவேன்,
பிரிஸ்கா கீழே தட்டுவாள்:
நாலு, ஏழு, சுழி, சுழி...
மறுநாள் பூண்டுக் காட்டில் களையெடுப்பவர்கள் கேட்கிறார்கள்,
'என்ன அமலிக்கா, நேத்து ரெண்டு சுழி வந்துச்சே,
கட்டியாச்சா?'

தாடை வலிக்கிறதென்று பெருமாள்மலை டாக்டரிடம் போனேன்.
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றார்.
என்ன வேலை என்று கேட்டார்.
'பதில் சொல்றேன்' என்றேன்.
லாட்ஜ் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்,
இதுதான் வந்தது.
போனைக் கவிழ்த்து வைத்துப் படுங்கள் என்றார்.
வைத்தேன்.
கவிழ்த்தாலும் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது,
மூடாத அடுப்பு மாதிரி.

போன வாரம் மழையில் டவர் விழுந்தது.
இரண்டு செயலிகள் ஒரே அறையை
ஒரே ராத்திரிக்கு விற்றிருந்தன.
விருதுநகர் குடும்பம் முதலில் வந்தது, கைக்குழந்தையோடு.
ஒன்பதரைக்கு இன்னொரு ஜோடி,
நனைந்த போனைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிக் காட்டியபடி.
அவர்கள் காட்டியதும் உண்மை, இவர்கள் காட்டியதும் உண்மை.
என் கட்டிலைக் கொடுத்துவிட்டுச்
சமையலறையில் படுத்தேன், பூண்டு மூட்டைகளுக்கு நடுவே.

மணிக்கு நாலு தடவை தொடை அதிர்ந்தது.
கையை விட்டுப் பார்த்தால்
பையில் ஒரு பூண்டுப் பல்லும் சாவியும்.
போன் அலமாரியில், உயிரில்லாமல்.
அப்புறம் எப்போது தூங்கினேன் தெரியவில்லை.
எழுந்தபோது ஏழே கால். வாய் திறந்து கிடந்திருக்கிறேன்.
தாடை வலிக்கவில்லை.
குழந்தைக்குப் பால் காய்ச்ச வந்த பெண்
என்னைத் தாண்டிப் போய்
அவளே அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள்.
அதற்கு யாரும் நட்சத்திரம் தரவில்லை,
கேட்கவுமில்லை.

மூன்றாம் நாள் டவர் வந்தது.
அலமாரியில் போன் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கி
விளிம்பு வரை நகர்ந்தது.
அறுபத்து மூன்று.
எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்,
விழட்டும் என்று.
விழவில்லை. நான்தான் பிடித்தேன்.

ஜன்னலைத் திறந்து,
வெள்ளையாக நின்றதை அப்படியே படம் எடுத்து
என் பக்கத்தில் முதல் படமாக ஏற்றினேன்.
கீழே எழுதினேன்:
'ஜன்னல் நிச்சயம் உண்டு.
பள்ளத்தாக்கு வந்தால் வரும்.'

நொடியில் பதில் வந்தது:
வணக்கம் அமலி! உங்கள் படம் தெளிவாக இல்லை.
வேறு படம் ஏற்றவும்.

வாசலில் யாரோ இருமினார்கள்.
பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
தொடை அதிர்ந்தது.
போனா, காலா என்று
பார்க்கவில்லை,
கடைசிப் படி வரைக்கும்.